எச்.ஐ.வி: இணையம் கற்றுக் கொடுக்கலாம், பேசப் பழக்குவது யார்?

எச்.ஐ.வி பற்றி நமது பெண் பிள்ளைகளுக்கு யார் சொல்லிக் கொடுப்பது? பல வீடுகளில் உம்மா பேசுவதில்லை. பாடசாலையிலும் அந்தப் பாடம் அவசரமாகக் கடந்து போகிறது. மீதியிருப்பது கையடக்கத் தொலைபேசி. கொவிட் காலத்தில் படிப்புக்காக நாமே அதைக் கையில் கொடுத்தோம்.

2023இல் உலகளவில் வாரந்தோறும் 15 முதல் 24 வயது வரையான சுமார் 4,000 பெண்களுக்குப் புதிதாக எச்.ஐ.வி தொற்றியதாக ஐ.நா.வின் எய்ட்ஸ் அமைப்பு கணித்துள்ளது. இலங்கை தொற்று குறைந்த நாடுதான். தாயிடமிருந்து பிள்ளைக்குத் தொற்றுவதை ஒழித்த நாடு என்று 2019இல் உலக சுகாதார நிறுவனம் அங்கீகரித்தது. ஆனால் அது கர்ப்பிணித் தாய்மாரைத் தவறாமல் பரிசோதித்ததால் கிடைத்த வெற்றி. வளரிளம் பெண்கள் விபரம் அறிந்திருக்கிறார்கள் என்பதற்கான சான்று அல்ல.

அமெரிக்காவின் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பெண் பிள்ளைகளுக்கென்றே 'ஹார்ட்' எனும் இணையவழிப் பாடத்தைத் தயாரித்தனர். தென்கிழக்குப் பகுதியின் நான்கு கிராமப்புறப் பாடசாலைகளில் பத்தாம் தரத்தில் கற்ற 222 மாணவிகளிடம் அதைப் பரீட்சித்து, 2018இல் முடிவுகளை வெளியிட்டனர். பாடம் சுமார் 45 நிமிடம்தான். முடித்த கையோடு, நோய் பற்றிய அறிவும், விரும்பாததை உறுதியாக மறுத்துப் பேசும் திறனும் அம்மாணவிகளிடம் கூடியிருந்தன.

நான்கு மாதங்களின் பின் மீண்டும் பார்த்தபோது அறிவு நிலைத்திருந்தது. துணிந்து பேசும் திறனில் முதலில் தெரிந்த வித்தியாசம் நீடிக்கவில்லை. நாம் கவனிக்க வேண்டியது இதைத்தான். தகவலைத் திரை தரும். பேசும் பழக்கத்தை மனிதர்கள்தான் தொடர்ந்து ஊட்ட வேண்டும்.

"இதையெல்லாம் பேசினால் பிள்ளைகள் கெட்டுப் போவார்கள்" என்பார்கள். பாலியல் கல்வி பாலியல் ஈடுபாட்டை அதிகரிக்கவில்லை என்பதே யுனெஸ்கோ தொகுத்த ஆய்வுகளின் முடிவு. ஒழுக்கத்தோடு வாழும் பெண்ணுக்கும் கணவன் மூலம் தொற்று வரலாம் என்பதையும் மறந்துவிடக் கூடாது. வெட்கம் ஈமானின் ஒரு பகுதிதான். ஆனால் மார்க்கத்தைக் கற்க அன்ஸாரிப் பெண்களுக்கு வெட்கம் தடையாக இருக்கவில்லை என்று ஆயிஷா (ரழி) அவர்கள் பாராட்டியது ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியிருக்கிறது. அதுவும் மாதவிடாய்க்குப் பின்னரான குளிப்பைப் பற்றிய கேள்வியை ஒட்டித்தான்.

நம்மிடம் முஸ்லிம் பெண் வைத்தியர்கள் இருக்கிறார்கள், ஆலிமாக்கள் இருக்கிறார்கள். தேசிய பாலியல் நோய், எய்ட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் ஆலோசனையோடு, பெயர் கேட்காத, தமிழிலான ஒரு குறும்பாடத்தை அவர்களால் தயாரிக்க முடியும். அதைப் பார்த்த பின் பிள்ளைகள் மனம் விட்டுக் கேட்க, பெண்கள் மத்ரஸாக்களிலும் பாடசாலைகளிலும் மாதம் ஒரு மணி நேரம் ஒதுக்கினால் போதும்.

"நிகாஹுக்கு முன் இருவரும் இரத்தப் பரிசோதனை செய்து கொள்வோமா?" நாளை ஒரு மணப்பெண் கூச்சமின்றி இப்படிக் கேட்க வேண்டுமானால், இன்று அவளோடு வீட்டில் யாராவது பேசியிருக்க வேண்டும்.