ஸ்தோத்திரமும் வழக்கும்

துக்க வீட்டுக்குப் போகும் கிறிஸ்தவர்கள் பலரின் வாயில் முதலில் வருவது, "எல்லாம் கர்த்தருடைய சித்தம், ஸ்தோத்திரம் சொல்லுங்க" என்பதுதான். நல்ல மனதோடு சொல்வதுதான். ஆனால், பிள்ளையைப் பறிகொடுத்த தாய்க்கு அது ஆறுதலா, வாயடைப்பா?

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. இலங்கையின் மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் ஞாயிறு பாடசாலை முடிந்து, பிள்ளைகள் வளவில் சிற்றுண்டி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். முதுகில் பையோடு வந்த ஒருவன் அங்கேயே குண்டை வெடிக்கச் செய்தான். இறந்தவர்களில் பத்துக்கும் மேற்பட்டோர் சிறுவர்கள். அதே காலையில் கொச்சிக்கடை, கட்டுவாப்பிட்டிய ஆலயங்களிலும் கொழும்பு ஹோட்டல்களிலும் குண்டுகள் வெடித்தன. மொத்தம் 250 பேருக்கு மேல் பலியானார்கள்.

சபைகள் கலைந்துவிடவில்லை. சீயோன் சபையார் வேறு மண்டபத்தில் கூடி ஆராதித்தார்கள். கூரை பிய்ந்துபோன கட்டுவாப்பிட்டிய புனித செபஸ்தியார் ஆலயம் மூன்றே மாதத்தில் மீண்டும் திறக்கப்பட்டது. ஆனால், இரத்தம் தெறித்த உயிர்த்த கிறிஸ்துவின் சிலையை யாரும் கழுவவில்லை. கறையோடு அப்படியே கண்ணாடிப் பேழையில் வைத்தார்கள்.

தாக்கியவர்களை மன்னித்துவிட்டோம் என்று 2020 உயிர்த்த ஞாயிறன்று கர்தினால் மல்கம் ரஞ்சித் அறிவித்தார். முன்கூட்டியே எச்சரிக்கை வந்தும் தடுக்காதவர்கள் யார் என்று அரசைத் துளைத்தெடுத்தவரும் அவரேதான். தாக்குதலைத் தடுக்கத் தவறியது குறித்த வழக்கில் 2023 ஜனவரி 12-இல் இலங்கை உயர் நீதிமன்றம், முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபாய் இழப்பீடு செலுத்த வேண்டும் என்று தீர்ப்பளித்தது. மன்னித்தவர்கள் வழக்கை விட்டிருந்தால் இந்தத் தீர்ப்பு வந்திருக்காது.

துதியையும் நினைவையும் சேர்த்தே காத்தவர்கள் வேறிடத்திலும் உண்டு. சுவிட்சர்லாந்தின் பெர்ன் மாநிலத்தில், ஜூரா மலைப் பகுதியில் ரெனான் என்றொரு சிற்றூர். அந்த வட்டாரத்து மலைமேடுகளில் மெனோனைட் குடும்பங்கள் இன்றும் பண்ணை வைத்து வாழ்கின்றன. இவர்களுடைய முன்னோர் அனபாப்டிஸ்டுகள். விசுவாசித்த பிறகே ஞானஸ்நானம் என்றவர்கள். அதற்காகப் பெர்ன் அரசு அவர்களைச் சிறையில் அடைத்தது, சொத்தைப் பறித்தது, நாடு கடத்தியது. அன்று பாசல் ஆயரின் ஆளுகையில் இருந்த ஜூராவில், ஆயிரம் மீட்டர் உயரக் குளிர்மேட்டில் ஒதுங்க இடம் கிடைத்தது. நிலத்தைத் திருத்தினார்கள், மாடு வளர்த்தார்கள், பண்ணை வீடுகளிலேயே கூடித் துதி பாடினார்கள்.

பட்டதை மறந்துவிட்டுப் பாடியவர்கள் அல்ல அவர்கள். இந்த இயக்கத்தின் முன்னோடி ஃபீலிக்ஸ் மான்ஸை 1527-இல் சூரிச் நகரம் லிம்மாட் ஆற்றில் அமிழ்த்திக் கொன்றது. அந்த நினைவைத் தலைமுறை தலைமுறையாகக் காத்துவந்தார்கள். சூரிச் சீர்திருத்தத் திருச்சபை 2004-இல் மன்னிப்புக் கேட்டது. ஆற்றங்கரையில் நினைவுக்கல்லும் வைக்கப்பட்டது.

நன்றி சொல்வதற்காக நடந்ததை விழுங்க வேண்டியதில்லை என்பதற்கு வேதாகமமே சாட்சி. 150 சங்கீதங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு புலம்பல். ஏன் கைவிட்டீர் என்று கடவுளையே கேட்பவை. அவற்றையும் ஆலயத்தில்தான் பாடினார்கள். நம் சபைகளிலோ சாட்சி நேரத்தில் அற்புதம் நடந்தவருக்கே மைக் கிடைக்கிறது. "எனக்கு இன்னும் ஆறவில்லை" என்பவருக்கும் அது கிடைக்கட்டும்.

ஏப்ரல் 21 நினைவு ஆராதனைகளில் வழக்கு எந்த நிலையில் இருக்கிறது, இழப்பீடு யார் கைக்கு இன்னும் வந்து சேரவில்லை என்பதையும் சபைக்கு அறிவிக்கலாம். வீடு சந்திக்கப் போகும் ஊழியர்கள் ஜெபத்தைத் தொடங்குமுன் மருந்துச் செலவையும் மிஞ்சிய பிள்ளைகளின் படிப்பையும் விசாரிக்கலாம். ஸ்தோத்திரம் சொல்வது எப்போது என்பதை அந்த வீட்டாரே முடிவு செய்துகொள்வார்கள்.