கையெழுத்து வேஷம்

அண்ணா காலமான பத்தாம் நாள், அவர் கணக்கு வைத்திருந்த ஒரு ஸ்தாபனத்திலிருந்து அனுதாபக் கடிதம் வந்தது. சாய்ந்த எழுத்து, கொம்பும் சுழியும் பேனா ஓடிய மாதிரியே இருந்தன. யாரோ புண்ணியவான் கைப்பட எழுதியிருக்கிறார் என்று மனம் இளகிவிட்டது. மன்னிக்கும் வாசித்துக் காட்டினேன்.

இரண்டாம் தடவை படிக்கும்போதுதான் கண்ணில் பட்டது. எல்லா 'ழ'வுக்கும் ஒரே வால், ஒரே நீளம், ஒரே வளைவு. மனிதன் கை இரண்டு 'ழ'வை ஒரே மாதிரி போட்டதாகச் சரித்திரமே கிடையாது. அவ்வளவும் கம்ப்யூட்டர் எழுத்து!

இந்த வித்தையைக் குறை சொல்ல வரவில்லை. 1953-ல் மார்ஸேல்ஸ் நகரத்து ஒலீவ் எழுத்து வார்ப்படசாலைக்காக ரோஜே எக்ஸ்கோபோன் என்ற பிரெஞ்சுக்காரர் 'மிஸ்த்ரால்' எழுத்தை உண்டாக்கினார். ரோன் பள்ளத்தாக்கு வழியாகச் சீறிவரும் குளிர்காற்றின் பெயர் அது. அவருடைய சொந்தக் கையெழுத்துத்தான் மாதிரி. ஈயத்தில் ஒவ்வோர் எழுத்தும் தனித்தனித் துண்டு; பக்கத்தில் எது வந்து நின்றாலும் ஒன்றின் வால் அடுத்ததின் தலையைத் தொட வேண்டும். கம்ப்யூட்டர் இல்லாத காலத்தில் அதைச் சாதித்தாரே, அந்த மூளைக்கு ஒரு கும்பிடு!

ஆனால் அது விளம்பரத்துக்கும் கடைப் பலகைக்கும் ஏற்ற எழுத்து. காப்பிக்கடை வாசலில் அந்த எழுத்தைப் பார்க்கிறவன், கடைக்காரன் தனக்கென்று உட்கார்ந்து எழுதினான் என்று ஏமாந்து போகமாட்டான். அங்கே அது அலங்காரம். அனுதாபக் கடிதத்திலோ கள்ளக் கையெழுத்து.

1994-ல் வின்ஸென்ட் கொனேர் செய்த காமிக் ஸான்ஸை எல்லோரும் பரிகசிக்கிறார்கள். கம்ப்யூட்டர் திரையில் ஒரு நாய் பேசுவதற்காகச் செய்த எழுத்து அது. 2012 ஜூலை 4-ந் தேதி ஜெனீவா பக்கத்து ஸெர்ன் கூடத்தில், ஹிக்ஸ் துகள் தேடலின் முடிவை ஃபாபியோலா ஜியானோட்டி அந்த எழுத்திலேயே திரையிட்டபோது, துகளை விட்டுவிட்டு எழுத்தைப் பார்த்துச் சிரித்தவர்கள் உண்டு. நான் சிரிக்கமாட்டேன். அது கொஞ்சம் அசட்டு எழுத்துத்தான். ஆனால் இன்னார் கை என்று பொய் சொல்லவில்லையே!

ஆயிரம் பேருக்கு யார் ஸ்வாமி கையால் எழுதுவது என்று கேட்பீர்கள். எழுத வேண்டாம். சாதாரண அச்செழுத்தில் இரண்டு வரி போடுங்கள். டைப் அடித்து வந்த கடிதத்தை அந்தக் காலத்தில் யார் கோபித்துக்கொண்டார்கள்? நேரமில்லை என்பது குற்றமல்ல. நேரம் செலவழித்தது போல் பாவனை பண்ணி, துக்கத்தில் இருப்பவர்களிடம் நன்றியைப் பறித்துக்கொண்டு போவதைத்தான் சொல்லுகிறேன்.

மன்னி அந்தக் கடிதத்தை அண்ணாவின் படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருக்கிறாள். எழுதினவருக்கு ஒரு பதில் போடவேண்டுமாம். பெயரும் விலாசமும் விசாரித்துச் சொல்லும்படி நேற்றுக்கூடக் கேட்டாள்.