டேப்புக்கும் உண்டு ஸ்பீடு லிமிட்!

மக்களே, வொர்க்‌ஷாப் லேப்ல 'டக்'னு ஒரு சத்தம். மொத்த பேட்ச்சும் கப்சிப். என்ன ஆச்சு? துளைக்குள்ளே டேப் உடைஞ்சு மாட்டிக்கிச்சு!

டேப்தானே, போனா போகட்டும்னு விட முடியாது பாஸ். மரை போடறது பெரும்பாலும் கடைசி வேலைகள்ல ஒண்ணு. கோயம்புத்தூர் பம்ப் பாடியையே எடுத்துக்குங்க. வார்த்து, கடைஞ்சு, ட்ரில் போட்டு, அப்புறம்தான் டேப். மாட்டின ஹை ஸ்பீடு ஸ்டீல் துண்டுகிட்ட சாதா ட்ரில் பிட் பல்லிளிக்கும். ஸ்பார்க் எரோஷன் மெஷின்ல அரிச்சு எடுக்கணும். முடியலைன்னா, அத்தனை பேர் உழைப்பும் ஸ்கிராப்!

சரி, எவ்வளவு வேகம் வைக்கலாம்? வெட்டு வேகத்தை 1000-ஆல் பெருக்கி, 'பை' மடங்கு விட்டத்தால் வகுங்க. ஆர்.பி.எம். ரெடி. எம்10 டேப்புக்கு மைல்டு ஸ்டீல்ல நிமிஷத்துக்கு 12 மீட்டர்னு வெச்சா, சுமார் 380 சுற்று. அலுமினியத்துல 20 மீட்டர் வெச்சா 640. எவர்சில்வர்னா 6 மீட்டர்தான், 190 சுற்று. இதெல்லாம் ஆரம்பக் கணக்கு. டேப் கம்பெனி கேட்டலாக்கையும் ஒரு எட்டு பார்த்துடுங்க.

எவர்சில்வருக்கு மட்டும் ஏன் இந்த ஆமை வேகம்? அது சூட்டை சீக்கிரம் கடத்தாது. டேப் முனையிலேயே சூடு தங்கிடும். போதாக்குறைக்கு, தேய்க்கத் தேய்க்க இறுகும். மழுங்கின டேப்போட போனீங்க, அவ்வளவுதான்! அலுமினியம் சாஃப்ட்தான், ஆனா பல்லுல அப்பிக்கும், கெரசின் விடணும். வார்ப்பிரும்பு தூளா உதிரும். எண்ணெய் இல்லாமலேயே பலர் போடுவாங்க.

இப்போ மேட்டருக்கு வருவோம். ட்ரில்லை மெதுவா இறக்கலாம். டேப்பை முடியாது. ஒரு சுற்றுக்கு ஒரு பிட்ச், அதாவது எம்10-க்கு 1.5 மி.மீ. உள்ளே போயே தீரும். 380 சுற்றுன்னா விநாடிக்கு 9.5 மி.மீ.! அடி மூடின 19 மி.மீ. துளையில ரெண்டே விநாடியில தரை தட்டிடும். அதுக்குள்ள நீங்க மெஷினை ரிவர்ஸ் பண்ணியாகணும்.

டேபிள்ல இருக்கறது உலோகம் தாங்கற வேகம். உங்க கைக்கு எவ்வளவு நேரம் வேணும்னு அதுக்குத் தெரியாது. அடுத்த லேப்ல ஸ்விட்ச்சைத் தொடறதுக்கு முன்னாடி, துளை ஆழத்தை விநாடிக் கணக்கா மாத்திப் பாருங்க. பயமா இருந்தா வேகத்தைக் குறைங்க. கூச்சமே வேணாம்!