விடுமுறை நாளா? விழிப்பு நாளா?

1984ஆம் ஆண்டு திசம்பர்த் திங்கள் 2ஆம் நாள் ஞாயிற்றுக்கிழமை நள்ளிரவையொட்டி, மத்தியப் பிரதேசத் தலைநகராகிய போபாலில், யூனியன் கார்பைடு பூச்சிக்கொல்லித் தொழிற்சாலையின் கொள்கலம் ஒன்றிலிருந்து, மெத்தில் ஐசோசயனேட்டு என்னும் நச்சுவளி ஏறத்தாழ 40 தொன் அளவில் வெளிப்பட்டு, உறங்கிக் கொண்டிருந்த ஊரின்மேல் பரவிற்று. பாயில் படுத்தவர் பலர் பாயிலேயே மாண்டனர். எழுந்து ஓடியவர் தெருவில் வீழ்ந்து மாண்டனர். அரசுக் கணக்கின்படியே இறந்தோர் ஐயாயிரவர்க்கும் மேலாவர். கேடுற்றோர்தம் அமைப்புகளோ அத்தொகை இருபதினாயிரத்திற்கும் மேல் என்கின்றன. கண்ணும் நுரையீரலும் கெட்டு உயிர்தப்பியவர்கள் ஐந்து இலக்கத்திற்கும் மேற்பட்டோர். இந்திய நாட்டுத் தொழில்துறை வரலாற்றில் இதனினும் பெரிய கொடுநிகழ்ச்சி இல்லை.

திசம்பர் 3ஆம் நாளைப் போபால் நகரத்திற்கு மட்டும் உரிய உள்ளூர் விடுமுறையாக அம்மாநில அரசு வழங்கி வருகின்றது. அதனை இந்திய நாடு முழுமைக்குமே பொது விடுமுறையாக அறிவித்தால் என்ன என்னும் கேள்வி, மாந்த உணர்வுடையார் நெஞ்சில் இயல்பாகவே எழும். அக்கேள்வியை நாம் எளிதாகத் தள்ளிவிடுதல் ஆகாது. அதன் பின்னே நயன்மையானதோர் ஏக்கம் இருக்கின்றது.

"மன்னர் பிறந்த நாளுக்கும், தலைவர் பிறந்த நாளுக்கும், ஆண்டுக்கு இத்தனை விழாக்களுக்கும் அலுவலகங்களை மூடுகின்றீர்களே! ஓர் ஊரே நஞ்சுண்டு மடிந்த நாளுக்கு ஒரு நாளைத் தரலாகாதா? மாண்டோர் குடிசையில் வாழ்ந்தவர்கள் என்பதனால்தானே இந்தப் புறக்கணிப்பு? மாளிகைவாழ்நர் மாண்டிருப்பின் நாடே ஆண்டுதோறும் கதவடைத்திருக்குமே!" என்று ஒருவர் கேட்பாராயின், அதில் உள்ள சினம் அறத்தின்பாற்பட்டதே. விடுமுறை என்பது அரசு தரும் மதிப்பின் அடையாளம். அவ்வடையாளம் ஏழைக்கு மறுக்கப்படுகின்றது என்பது உண்மைதான்.

ஆயினும், விடுமுறை வேண்டா என்பதே நம் முடிந்த கருத்து. நாளைச் சிறப்பிக்க வேண்டா என்பதன்று நாம் கூறுவது. விடுமுறை அந்நாளைச் சிறப்பிக்காது, புதைத்துவிடும் என்பதே நாம் கூறுவது.

முதற்கண், விடுமுறையால் யாருக்கு ஓய்வு கிடைக்கும் என்று எண்ணிப் பாருங்கள். திங்களூதியம் பெறும் அலுவலர்க்குக் கிடைக்கும்; ஆசிரியர்க்குக் கிடைக்கும்; வைப்பகப் பணியாளர்க்குக் கிடைக்கும். அவர்கள் கூலி குறையாமல் வீட்டில் இருப்பர். ஆனால் அந்த இரவில் மடிந்தவர்களும் நைந்தவர்களும் யார்? அவர்களிற் பெரும்பாலோர் ஆலையைச் சுற்றியிருந்த குடிசைப் பகுதிகளில் வாழ்ந்த அன்றாடங்காய்ச்சிகள். சுமை தூக்கியும், வண்டி இழுத்தும், பீடி சுற்றியும் பிழைத்தவர்கள். அத்தகையோர்க்கு ஊர் மூடிய நாள் ஓய்வு நாளன்று. உலை கொதிக்காத நாள். மாண்டவனின் பெயரால், அவனைப் போன்ற உழைப்பாளியின் ஒரு நாட்கூலியைப் பறித்து, அவனைச் சாவிலிருந்து காக்கத் தவறிய அலுவலகத்திற்கு ஓய்வு தருவதா நினைவு கூர்தல்?

அடுத்து, போபாலில் அந்நாளில் நிகழ்வதைப் பாருங்கள். கேடுற்றோரும் அவர்தம் பிள்ளைகளும் ஆண்டுதோறும் ஊர்வலமாகத் திரண்டு மருத்துவம் கேட்கின்றனர், தூய குடிநீர் கேட்கின்றனர், இழப்பீடு கேட்கின்றனர். அவர்களுக்கு விடை கூற வேண்டிய அலுவலகங்கள் அந்நாளில் பூட்டிக் கிடக்கும்! கேட்பவன் தெருவில் நிற்க, விடை கூற வேண்டியவன் வீட்டில் உறங்குதற்கு ஒரு சட்டம் வேண்டுமா? ஊருக்கு வழங்கிய விடுமுறையே இவ்வாறாயின், நாடு முழுதும் வழங்கும் விடுமுறை என்ன செய்யும்? நான்கைந்து ஆண்டுகளில் அது திரைப்படம் பார்க்கும் நாளாகவும், சுற்றுலாச் செல்லும் நாளாகவும் தேய்ந்து போகும்.

பிற நாடுகள் தம் பெருந்துயர்களை எவ்வாறு போற்றுகின்றன என்பதையும் ஒப்புநோக்குதல் நன்று. உருவாண்டாவில் 1994இல் நிகழ்ந்த இனக்கொலையின் தொடக்க நாளாகிய ஏப்பிரல் 7 பொது விடுமுறைதான். ஆனால் அங்கே கொன்றவனும் கொல்லப்பட்டவனும் அண்டைவீட்டார். ஊர்தோறும் மக்கள் ஒன்றுகூடி அமர்ந்து, நடந்ததைப் பேசியாக வேண்டிய நிலை அந்நாட்டினது. ஆகவே அவ்விடுமுறை மக்களைக் கூட்டுதற்கு உதவுகின்றது. அமெரிக்காவில் 2001 செப்டம்பர் 11ஆம் நாள் ஏறத்தாழ மூவாயிரவர் கொல்லப்பட்டனர். அவ்வாண்டு இறுதியிலேயே அந்நாளை நினைவு நாளாக்கிச் சட்டம் இயற்றினர்; ஆயினும் நடுவணரசு விடுமுறையாக்கவில்லை. கொடி அரைக்கம்பத்தில் பறக்கும். மக்கள் அமைதி காப்பர். 2009 முதல் அது தொண்டுப்பணி நாளாகவும் அமைந்தது. இந்திய நாட்டிலேயே காந்தியடிகள் பிறந்த அக்டோபர் 2 விடுமுறை. அவர் சுடப்பட்ட சனவரி 30 விடுமுறையன்று. அந்நாளில் காலை 11 மணிக்கு, செய்கின்ற பணியை நிறுத்தி, இரண்டு மணித்துளி அமைதி காக்க வேண்டும் என்பதே முறை. பணி இருந்தால்தானே அதனை நிறுத்த முடியும்? மூடிய அலுவலகத்தில் எதை நிறுத்துவது?

இவற்றுளெல்லாம் நமக்குப் பாடமாக வேண்டியது சப்பானியர் செயல். 1923 செப்டம்பர் 1ஆம் நாள் தோக்கியோவையும் யோக்கோகாமாவையும் நிலநடுக்கமும் தீயும் அழித்தன. இலக்கம் பேர்க்கு மேல் மாண்டனர். 1960இல் அந்நாட்டரசு அந்நாளைப் பேரிடர்த் தடுப்பு நாளாக அறிவித்தது. அது விடுமுறை நாளன்று. அந்நாளில் நாடெங்கும் மக்கள் இடர்காப்புப் பயிற்சி செய்கின்றனர். பள்ளிப் பிள்ளைகள் மேசைக்கடியில் ஒடுங்கப் பழகுகின்றனர். தீயணைப்பாளரும் மருத்துவரும் அலுவலரும் தத்தம் கடமையைச் செய்து பார்க்கின்றனர். இறந்தவர்க்கு அவர்கள் செலுத்தும் வழிபாடு, இருப்பவரைக் காத்தல்.

போபாலுக்கு இப்படிப்பட்ட நாள் ஏன் வேண்டும் என்பதை அந்த இரவே நமக்குக் கற்பிக்கின்றது. கொள்கலத்தைக் குளிர்விக்கும் பொறி, செலவைக் குறைக்கும் பொருட்டுப் பல திங்களுக்கு முன்பே நிறுத்தப்பட்டிருந்தது. வெளியேறும் வளியை எரிக்க வேண்டிய எரிகம்பம், குழாய் பழுதுபார்ப்புக்காக இணைப்பறுந்து கிடந்தது. நஞ்சைக் கழுவ வேண்டிய கருவி இயங்கும் நிலையில் இல்லை. ஊர் மக்களை எச்சரிக்கும் சங்கு சிறிது நேரமே ஒலித்து நிறுத்தப்பட்டது. அது மீண்டும் முழங்கிய பொழுது நஞ்சு ஊருக்குள் புகுந்து நெடுநேரம் ஆகியிருந்தது. மக்கள் காற்று வீசிய திசையிலேயே ஓடி, நச்சுமுகிலோடு சேர்ந்தே சென்றனர். நனைத்த துணியால் முகத்தை மூடிக்கொள்ளுங்கள் என்னும் ஒரு சொல்லை அவர்களுக்கு முன்கூட்டிச் சொல்லி வைத்தவர் எவருமிலர். மருத்துவமனையில் குவிந்தவர்களை எந்த நஞ்சு தாக்கியது என்பது மருத்துவர்க்கும் தெரியவில்லை. இவையெல்லாம் பயிற்சியால் தவிர்த்திருக்கக் கூடியவை அல்லவா?

மொழியைப் பற்றியும் இங்கொரு சொல் கூறியாக வேண்டும். அவ்வாலையின் இயக்கக் குறிப்பேடுகள் ஆங்கிலத்தில் இருந்தன. அவற்றை வைத்துப் பொறிகளை இயக்க வேண்டிய தொழிலாளர் பலர்க்கு ஆங்கிலம் தெரியாது. உயிரைக் காக்கும் அறிவு, உயிரிழக்கப் போகின்றவனுக்கு விளங்காத மொழியில் பூட்டப்பட்டிருந்தது. தாய்மொழி வேண்டும் என்று நாம் கூறுவதை வெறும் மொழிவெறி என்று எள்ளுவோர், அந்த ஆலையின் குறிப்பேட்டை நினைத்துப் பார்க்கட்டும்.

எச்சரித்தவர் இல்லாமலும் இல்லை. இராசுகுமார் கேசுவானி என்னும் போபால் செய்தியாளர், 1982 முதலே அவ்வாலை ஊரை அழிக்கும் என்று இதழில் எழுதி வந்தார். கேட்பாரில்லை. கேடு நிகழ்ந்த பின்னராவது முறை செய்யப்பட்டதா? 1984 திசம்பர் 7ஆம் நாள் தளைப்படுத்தப்பட்ட நிறுவனத் தலைவர் வாரன் ஆண்டர்சன், அன்றே பிணையில் விடப்பட்டு, அரசு வானூர்தியில் தில்லிக்கு அனுப்பப்பட்டார். 2014இல் சாகும்வரை அவர் இந்திய நாட்டு மன்றத்தின் முன் வந்து நிற்கவே இல்லை. 1989இல் 47 கோடி அமெரிக்கத் தாலருக்கு வழக்குத் தீர்க்கப்பட்டது. உடற்கேடுற்றோருள் மிகப் பெரும்பாலோர்க்கு முதற்கண் வாய்த்தது தலைக்கு 25,000 உருபா. 2010 சூன் 7ஆம் நாள் இந்திய மேலாளர் எழுவர்க்கு ஈராண்டுச் சிறை என்று தீர்ப்பாயிற்று. அவர்களும் உடனே பிணையில் வீடு சென்றனர். கூடுதல் இழப்பீடு கேட்டு நடுவணரசு தொடுத்த முறையீட்டை 2023 மார்ச்சுத் திங்களில் உச்ச நயன்மன்றம் தள்ளியதோடு, முன்பே பணித்தபடி காப்பீடு எடுக்காமல் விட்டது நடுவணரசின் பிழை என்றும் சுட்டியது. ஆலை வளாகத்தில் கிடந்த 337 தொன் நச்சுக் கழிவு அவ்விடம்விட்டு அகன்றது 2025 சனவரியில்தான். நாற்பதாண்டுகள்! இத்தனை கணக்கும் தீராதிருக்க, அரசு ஒரு விடுமுறை ஆணையை நீட்டி, "மதிப்புச் செய்துவிட்டோம்" என்று கை கழுவுதற்கு நாம் இடந்தரலாமா? விடுமுறை வழங்குதல் அரசுக்கு மிக மலிவானது. கடமையைச் செய்தல்தான் விலை மிகுந்தது.

திசம்பர் 2ஆம் நாள் மாசுக் கட்டுப்பாட்டு நாள் என்னும் பெயரில் இப்பொழுதும் இருக்கின்றது. மேடை உண்டு, மாலை உண்டு, உரை உண்டு. உயிர்காப்பு எங்கே? 2020 மே 7ஆம் நாள் விடியற்பொழுதில், விசாகப்பட்டினத்து ஆலை ஒன்றிலிருந்து தைரீன் என்னும் நச்சாவி கசிந்து பன்னிருவர் மாண்டனர். சங்கை இயக்கும் பொறிகள் ஆலையுள் பல இடங்களில் இருந்தும், ஊரை எழுப்ப அது முழங்கவில்லை என்று உசாவற்குழு கண்டது. 2023 திசம்பர் 26ஆம் நாள் நள்ளிரவில், நம் எண்ணூரிலேயே, கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. பெரியகுப்பத்து மக்கள் மூச்சுத் திணறி, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு இருளில் ஓடினர். போபாலுக்குப் பின் முப்பத்தொன்பது ஆண்டுகள் கழித்தும், எந்தத் திசையில் ஓடுவது என்பதை அம்மக்களுக்கு யார் கற்பித்திருந்தார்?

ஆகவே நாம் கேட்பன இவை:

ஒன்று: திசம்பர் 3ஆம் நாளில், நச்சுப்பொருள் வைத்திருக்கும் தொழிற்சாலை ஒவ்வொன்றும் தன் எச்சரிக்கைச் சங்கை ஊரறிய முழக்க வேண்டும். உள்ளே உழைப்போர் மட்டுமன்றிச் சுற்றிலும் வாழ்வோரும் வெளியேறிப் பழக வேண்டும். அந்நேரத்திற்குக் கூலி குறைத்தல் கூடாது.

இரண்டு: உள்ளே என்ன நஞ்சு, எவ்வளவு, அது வெளிப்பட்டால் செய்ய வேண்டியது என்ன என்பதனை அவ்வம் மாநில மக்களின் மொழியில் ஆலை வாயிலில் எழுதி வைக்க வேண்டும். தமிழ்நாட்டில் தமிழில் எழுதி வைக்க வேண்டும்.

மூன்று: அருகிலுள்ள மருத்துவமனைகளில் அந்நஞ்சுக்குரிய மருந்தும் அறிவும் உள்ளனவா என்று அந்நாளில் ஆய்ந்து, முடிவை மக்கட்கு அறிவிக்க வேண்டும்.

நான்கு: போபால் மக்களுக்கு அவ்வாண்டில் வழங்கிய மருத்துவம், இழப்பீடு, நிலத்தூய்மை ஆகியவற்றின் கணக்கை அம்மாநில அரசும் நடுவணரசும் அந்நாளில் வெளியிட வேண்டும். அலுவலகக் கதவுகள் அன்று அகலத் திறந்திருக்க வேண்டும்.

தமிழ் அன்பர்களே! மணலியிலும் எண்ணூரிலும் கடலூரிலும் வேதியல் ஆலைகளின் நிழலில் நம் மக்கள் உறங்குகின்றனர். உங்கள் ஊர் ஆலையின் வாயிலுக்குச் செல்லுங்கள். உள்ளே என்ன இருக்கின்றது என்று தமிழில் எழுதியிருக்கின்றதா என்று பாருங்கள். இல்லையேல் ஏன் இல்லை என்று கேளுங்கள். மாவட்ட ஆட்சியர்க்கு எழுதுங்கள். விடை வரும்வரை விடாதீர்கள்.

போபால் மக்கள் உறக்கத்தில் மாண்டவர்கள். அவர்கள் பெயரால் நாட்டை இன்னும் ஒரு நாள் உறங்க வைத்தல் அவர்களுக்குச் செய்யும் நன்றியாகாது. நமக்கு வேண்டியது விடுமுறையன்று, விழிப்பு!