எண்ணெய் தடவிச் சுட்ட அரிவாள் ஏன் மழுங்கியது?

மழைக்காலத்தில் துரு ஏறாமலிருக்க, மண்வெட்டியையும் கதிர் அரிவாளையும் தோசைக்கல் பழக்குவதுபோல் எண்ணெய் தடவி விறகடுப்பில் சுட்டு வைத்திருக்கிறார் ஒரு வாசகர். மண்வெட்டி கருகருவென்று நன்றாக வந்துவிட்டது. அரிவாள் மட்டும் அரை நாள் அறுப்பிலேயே மழுங்கிப்போனதாம். எண்ணெயில் கோளாறா என்று கேட்கிறார்.

கோளாறு எண்ணெயில் இல்லை, சூட்டில்தான். அரிவாளின் வாயைக் கொல்லர் பழுக்கக் காய்ச்சி, சட்டென்று குளிர வைத்துக் கெட்டிப்படுத்தியிருப்பார். அதை மறுபடி அளவுக்கு மீறிச் சூடாக்கினால் அந்தக் கெட்டி இறங்கிவிடும். தேய்த்துப் பளபளப்பாக்கிய இரும்பு சுமார் 220 டிகிரி செல்சியஸில் வைக்கோல் நிறம் காட்டும். 300 டிகிரியை நெருங்கும்போது நீலமாகும். நீலம் கண்டால் வாய் இளகிவிட்டது என்று பொருள். அரிவாள் தகடு மெல்லியது, சூடு சீக்கிரம் ஏறிவிடும். மண்வெட்டி தடித்தது, அதன் வாய் சற்று இளகினாலும் மண் வெட்டும்போது அவ்வளவாகத் தெரியாது.

இளகிய அரிவாளை எவ்வளவு தீட்டினாலும் கூர் நிற்காது. கொல்லரிடம் கொடுத்துத் திரும்பக் காய்ச்சி வாங்குவதுதான் வழி. இனி அரிவாளை நெருப்பில் காட்ட வேண்டாம். கழுவி, துடைத்து, வெயிலில் காய வைத்து, எண்ணெய்த் துணியால் ஒரு துடை துடைத்து மாட்டினால் போதும்.

மண்வெட்டி, களைக்கொத்து, கடப்பாரை ஆகியவற்றுக்குச் சுடுவது நல்ல முறையே. மரக்காம்பைக் கழற்றிவிடுங்கள். துருவைப் புளித்தண்ணீரில் ஊற வைத்துத் தேய்த்து, சாம்பல் போட்டுக் கழுவி, ஈரமில்லாமல் உலர்த்துங்கள். பிறகு எண்ணெயைத் தடவி, தடவியதே தெரியாத அளவுக்குத் துடைத்தெடுங்கள். பலரும் தவறுவது இங்கேதான். கனமாகத் தடவினால் பிசுபிசுப்புத்தான் மிஞ்சும். வீட்டுக்கு வெளியே, தணலில், லேசாகப் புகை எழும்பி அடங்கும்வரை வைத்து ஆறவிடுங்கள். மூன்று நான்கு முறை செய்தால் கறுப்புப் பூச்சு பிடிக்கும். ஆளி விதை எண்ணெய் சிறந்தது, சூரியகாந்தி எண்ணெயும் ஆகும். தேங்காய் எண்ணெய் இறுகிக் காயாது. மண் உரசும் வாய்ப்பகுதியில் பூச்சு சீக்கிரம் தேய்ந்துவிடும். காம்பு நுழையும் வளையத்தில்தான் நெடுநாள் நிற்கும், துருவும் முதலில் அங்கேதான் தின்னும். பொட்டாஷ் உரம் அள்ளிய மண்வெட்டியை அன்றே கழுவாவிட்டால் எந்தப் பூச்சும் காப்பாற்றாது.

டிராக்டரிலிருந்து வடித்த கழிவு ஆயிலைத் தடவிச் சுடும் பழக்கம் சில ஊர்களில் உண்டு. அதை விட்டுவிடுங்கள், அந்தப் புகை நுரையீரலுக்குக் கேடு, ஆயில் மண்ணிலும் கலக்கும். துத்தநாகம் பூசிய வாளி, தகடுகளையும் சுடக்கூடாது. அதிகச் சூட்டில் அவற்றின் புகை குளிர்காய்ச்சல் வரவழைக்கும். ஆளி விதை எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி வைக்கோல் பக்கம் போட்டுவிடாதீர்கள். நெருப்பு வைக்காமலே தானாகப் பற்றிக்கொள்ளும். தண்ணீரில் நனைத்து, விரித்துக் காயப் போடுங்கள்.