வட்டக்கானலில் காரை விட்டு இறங்கி

ஆஸ்திரேலியாவின் அடிலெய்டிலிருந்து வந்திருந்த என் சித்தி மகனுக்கு நம்ம மலையைச் சுற்றிக் காட்ட வேண்டும் என்று கிளம்பிய பயணம் அது. 2024 மே மாதத்திலிருந்து கொடைக்கானலுக்கு வண்டியில் போக இ-பாஸ் வேண்டும்; வாங்கிக்கொண்டோம். பழனி வழியாக ஏறி, பூம்பாறை, மன்னவனூர், கூக்கால் என்று மேல்மலை முழுக்கக் காரிலேயே சுற்றியாயிற்று. அந்த ஊர்களைப் பற்றி இன்னொரு வாரம் எழுதலாம். கடைசி நாளைப் பற்றித்தான் உடனே எழுதத் தோன்றுகிறது.

அன்றைக்குக் காரை வட்டக்கானலில் விட்டு இறங்கினோம். ஓட்டுநர் மலைச்சாலையில் காட்ரோடு வரை இறங்கி, பெரியகுளம் போய், அடிவாரத்துக் கும்பக்கரையில் எங்களுக்காகக் காத்திருப்பார். நாங்கள் காட்டுவழியே நடந்து போய்ச் சேர வேண்டும். ஐயாயிரம் அடிக்கு மேல் இறக்கம். நடுவில் ஒரே ஊர், ரோடு இல்லாத வெள்ளகவி. குரங்கணிக் காட்டுத்தீக்குப் பிறகு மலையேற்றத்துக்குக் கெடுபிடி அதிகம்; வனத்துறை அனுமதியோடுதான் போனோம். வழிகாட்ட வந்தவர் வெள்ளகவிக்காரர்.

டால்பின் மூக்குப் பாறை வரைக்கும் மேகி கடையும் செல்ஃபி கூட்டமுமாக இருந்தது. அதைத் தாண்டியதும் ஒருவரும் இல்லை. பாதை சரசரவென்று சோலைக்குள் இறங்கியது. கொஞ்ச தூரத்தில் மணிச்சத்தம் கேட்டது. கீழேயிருந்து பொதிக்குதிரைகள் ஏறி வந்தன. ஒவ்வொன்றின் முதுகிலும் இரண்டு பக்கமும் மூட்டை. நான் பள்ளத்துப் பக்கமாக ஒதுங்கப் போனேன். வழிகாட்டி என் கையைப் பிடித்து இழுத்தார். “மலைப்பக்கம் ஒட்டி நில்லுங்கண்ணே. பொதி இடிச்சா ஆளைத் தள்ளிவிட்டுரும்” என்றார். குதிரைகள் கால் வைத்து வைத்து அந்தக் கற்கள் அம்மிக்கல் மாதிரி வழவழத்துக் கிடந்தன. ஈரத்தில் நாங்கள் வழுக்கினோம். குதிரைகள் எந்தக் கல்லில் மிதிக்க வேண்டுமோ அந்தக் கல்லில் மட்டும் மிதித்து ஏறின. காப்பி, மிளகு, எலுமிச்சை, பட்டர்புரூட் எல்லாம் ஊரைவிட்டு இப்படித்தான் வெளியே போகின்றன. அரிசியும் பருப்பும் சிமெண்டும் இப்படித்தான் உள்ளே வருகின்றன. குதிரைக்கூலி கழித்த பிறகுதான் விவசாயிக்கு விலை.

ஊர் எல்லையில் ஒரு மரம். அங்கே செருப்பைக் கழற்ற வேண்டும். வெள்ளகவிக்குள் யாரும் செருப்புப் போடுவதில்லை. இருபதுக்கு மேல் கோயில்கள். வீட்டுச் சுவரை ஒட்டிக் கோயில், கோயில் சுவரை ஒட்டி வீடு. எது சாமி இடம், எது மனிதர் இடம் என்று பிரித்துச் சொல்ல முடியாது. மொத்தம் நூறு, நூற்றைம்பது குடும்பங்கள்தான் இருக்கும். ஒரு பாட்டி எங்களைப் பார்த்து, “ஷூவைக் கையில தூக்கிட்டு அலையாதீங்கப்பா, இங்க எதுவும் காணாமப் போகாது” என்றார். காப்பியும் கொடுத்தார். அவர்கள் தோட்டத்துக் காப்பி. அதற்குக் காசு வாங்க மறுத்துவிட்டார்.

திண்ணையில் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவரிடம் டோலியைப் பற்றிக் கேட்டேன். நீளமான மூங்கில், அதில் தொட்டில் போலக் கட்டிய கம்பளி. பிரசவ வலி எடுத்தவளையோ, பாம்பு கடித்தவனையோ அதில் கிடத்தி, ஆள் மாற்றி ஆள் தோள் கொடுக்க வேண்டும். ஏறினால் கொடைக்கானல், இறங்கினால் பெரியகுளம் ஆஸ்பத்திரி. “ஏத்தத்தவிட எறக்கந்தான் தம்பி பயம். முன்னாடி போறவன் தோள்லதான் மொத்த பாரமும் வந்து விழும். அதனால நெட்டையான ஆளை முன்னாடி விடுவோம்” என்றார். எந்தப் புத்தகத்திலும் நான் படிக்காத கணக்கு இது. தலைமுறை தலைமுறையாகத் தோளில் காய்ப்பேறிய அறிவு. இப்படி ஓர் அறிவு ஓர் ஊருக்குத் தேவைப்படவே கூடாது.

இந்த மலையை அளக்க வந்த லெப்டினன்ட் வார்டு, 1821இல் மேலே ஏறியது வெள்ளகவியிலிருந்துதான். அன்று அது குன்னுவர் சமூகத்தின் ஊர். கொடைக்கானல் என்று ஒரு நகரமே அப்போது கிடையாது. 1845இல் அமெரிக்க மதுரை மிஷன் பாதிரிமார் சமவெளிக் காய்ச்சலுக்கும் காலராவுக்கும் தப்பி மேலே இரண்டு பங்களா கட்டிக்கொண்டார்கள். பெரியகுளம் பக்கம் கிருஷ்ணம்ம நாயக்கன் தோப்பிலிருந்து செண்பகனூருக்கு ஏறும் பாதைக்கு ‘கூலி காட்’ என்றே பெயர். துரைமாரும் துரைசானிகளும் நாற்காலியிலும் டோலியிலும் உட்கார்ந்து மேலே போனார்கள். 1875இல் அம்மையநாயக்கனூருக்கு ரயில் வந்தது. அங்கிருந்து அடிவாரம் வரை மாட்டுவண்டி, அதற்கு மேல் பழையபடி கூலியாட்களின் தோள்தான். முதல் உலகப் போர் ஆண்டுகளில் லாஸ் காட் சாலை வந்த பிறகே துரைமார் டோலியை விட்டு இறங்கினார்கள். அவர்களுக்கு முன்பே ஊராக இருந்த வெள்ளகவியில், நாங்கள் போன அன்றும் டோலி இருந்தது.

இன்னொன்று. வெள்ளகவி திண்டுக்கல் மாவட்டம். பெரியகுளம் தேனி மாவட்டம். ஒரே மதுரை மாவட்டமாக இருந்து, 1985இலும் 1996இலும் பிரிந்தவை. வெள்ளகவிக்காரர்களுக்குத் தாலுகா ஆபீஸ் மலை உச்சியில் ஒரு மாவட்டத்தில், இறங்கிப் போகும் ஆஸ்பத்திரி அடிவாரத்தில் இன்னொரு மாவட்டத்தில்.

ஊரைத் தாண்டி இறங்கும்போது என் அடிலெய்டுத் தம்பி சொன்னான்: “இது இப்படியே இருக்கட்டும்ணே. ரோடு போட்டா கெட்டுப்போயிரும்.” மலைக்கு வந்துபோகிற பலர் இதைச் சொல்லக் கேட்டிருக்கிறேன். எனக்குக் கோபம் வந்தது. அவன் போர்ட் அகஸ்டாவிலிருந்து டார்வின் வரை ஸ்டூவர்ட் நெடுஞ்சாலையில் கார் ஓட்டியவன். 2,700 கிலோமீட்டர், பெட்ரோல் பங்குக்கும் பங்குக்கும் நடுவே ஆளரவமே இருக்காதாம். “அந்தப் பாலைவனத்துல ஒருத்தருக்கு நெஞ்சுவலி வந்தா என்னப்பா பண்ணுவாங்க?” என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, “பிளேன் வரும்ணே” என்றான். ஜான் பிளின் என்ற பாதிரியார் கனவு கண்டு, 1928இல் குயின்ஸ்லாந்தின் கிளான்கரியில் தொடங்கிய பறக்கும் மருத்துவர் சேவை. விமானம் இறங்குவதற்காக நெடுஞ்சாலையிலேயே சில இடங்களில் ஓடுதளக் கோடு போட்டிருப்பதை அவனே பார்த்திருக்கிறான். தொலைவில் இருப்பவனிடம் டாக்டர் போயாக வேண்டும் என்று அந்த நாடு முடிவெடுத்து நூறாண்டு ஆகப்போகிறது. இங்கே வட்டக்கானலிலிருந்து ஊருக்குக் காலையில் நடந்தால் மத்தியானத்துக்குள் போய்விடலாம். அந்தத் தூரத்துக்கு ரோடு என்றால், நாம் இன்னும் அழகைக் காரணம் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

தம்பியின் பயத்தில் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். வட்டக்கானல் என்ன ஆனது என்று எல்லோரும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். ஓடையோரமெல்லாம் தங்கும் விடுதி, சோலை விளிம்பெல்லாம் பிளாஸ்டிக். வெள்ளகவிக்கு ரோடு போட்டு, அதன் வழியே அதே கூட்டத்தை இறக்கிவிட்டால், செருப்பில்லாமல் நடக்கிற அந்தத் தெருவில் நாலே வருஷத்தில் காட்டேஜ் பலகை தொங்கும். ஆனால் அதைத் தடுக்க ரோட்டையே மறுக்க வேண்டியதில்லை. கொடைக்கானல் முழுவதற்கும் இ-பாஸ் வைக்க முடிந்த அரசுக்கு, ஒற்றை மலைப்பாதையில் ஒரு கேட் போடுவதா கஷ்டம்? ஊர்க்காரர் ஜீப் போகட்டும், 108 போகட்டும், ரேஷன் வண்டி போகட்டும். எங்களைப் போன்றவர்கள் நடந்தே வரட்டும். நடக்க முடியாதவர்கள் டால்பின் மூக்கோடு திரும்பட்டும்.

வெள்ளகவி தனி ஊராட்சி. அந்த கேட் எங்கே இருக்க வேண்டும், யாரை உள்ளே விட வேண்டும், யாரை விடக்கூடாது என்பதை அவர்களுடைய கிராமசபையே முடிவு செய்யட்டும்.