மூக்கில் ஒட்டிய பெயர்

எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. இந்த ஒப்புதலை முதலிலேயே செய்துவிடுகிறேன். இரண்டு இங்கிலீஷ் கார்களைப் பற்றிச் சென்ற மாதம் இதே பக்கத்தில் போகிற போக்கில் நான் எழுதிய நாலு வரிகளுக்கு வந்திருக்கிற கடிதங்களில் பாதி, "கார் ஓட்டத் தெரியாதவனுக்கு இதில் என்ன வேலை?" என்றுதான் கேட்கின்றன. நியாயமான கேள்விதான். ஆனால், கத்தரிக்காயின் ருசியைச் சொல்ல ஒருவன் தோட்டக்காரனாகப் பிறந்திருக்க வேண்டியதில்லை. தவிரவும், இந்த விவகாரம் காரைப் பற்றியதே அல்ல, பெயரைப் பற்றியது. பெயரை வைத்துப் பிழைக்கிற தொழிலில் இருபது வருஷமாக இருக்கிறவன் நான். எனக்கு இதில் வேலை உண்டு.

நடந்தது இதுதான். என் அக்காள் மகன் இங்கிலாந்தில் கவென்ட்ரி நகரத்துப் பக்கம் உத்தியோகத்தில் இருக்கிறான். அவனைப் பார்க்கப் போயிருந்தபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை, பழைய கார்களை வைத்திருப்பவர்கள் கூடுகிற ஒரு புல்வெளிக்கு அழைத்துப் போனான். அங்கே பக்கத்தில் பக்கத்தில் இரண்டு சின்னஞ்சிறு கார்கள் நின்றன. ஒன்று சிவப்பு, மற்றொன்று பச்சை. இரண்டுக்கும் கூரை இல்லை. இரண்டே பேர் உட்காரலாம். உயரமோ என் இடுப்புக்கு எட்டவில்லை. ஒன்றின் மூக்கில் 'ஆஸ்டின்-ஹீலி ஸ்பிரைட்' என்று எழுதியிருந்தது. மற்றொன்றின் மூக்கில் ஓர் எண்கோணம், அதற்குள் 'எம்.ஜி.' என்ற இரண்டு எழுத்து. அதன் பெயர் 'மிட்ஜெட்'. சொந்தக்காரர்கள் இருவரும் தலை நரைத்த கிழவர்கள். எது உசத்தி என்று இருவரையும் தனித்தனியே கேட்டேன். இருவரும் தத்தம் வண்டியைத்தான் காட்டினார்கள். அப்படிக் காட்டும்போது அடுத்தவர் வண்டியைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அது பங்காளிகள் ஒருவரையொருவர் பார்க்கிற பார்வை!

திரும்பி வரும்போது மருமகன் சிரித்தான். "மாமா, ரெண்டும் ஒரே வண்டி. ஒரே பட்டறையிலே, ஒரே ஆளுங்க பூட்டினது. மூக்குதான் வேறே" என்றான்.

"இரண்டும் ஒன்றே, ஆனால் ஒன்றுக்கு நியாயம் கிடைக்கவில்லை" என்று நான் எழுதினேன். அதற்குத்தான் இத்தனை ஆக்ஷேபணை. என்ஜினியரான ஓர் அன்பர் ஆறு பக்கம் எழுதியிருக்கிறார். அவருடைய கட்சி மூன்று வாதங்களில் அடங்கும். மிட்ஜெட் பழைய குலம். மிட்ஜெட் உயர்ந்த சரக்கு. ஸ்பிரைட் 1971இல் செத்தது, மிட்ஜெட் 1979 வரை வாழ்ந்தது, ஆகவே மிட்ஜெட்தான் ஜயித்தது. மூன்றையும் ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் குலம். 'மிட்ஜெட்' என்ற பெயர் பழையது என்பது வாஸ்தவம். 1928ஆம் வருஷம் லண்டன் கண்காட்சியில் வைக்கப்பட்ட முதல் மிட்ஜெட், மாரிஸ் மைனர் என்ற சாதாரணக் குடும்பக் காரின் 847 சி.சி. என்ஜினையும் அடிச்சட்டத்தையும் எடுத்து அதன்மேல் ஒரு லேசான உடம்பைக் கட்டியது. அந்த வம்சம் 1955இல் நின்றுபோயிற்று. இதற்கிடையில், 1952இல், ஆஸ்டின் கம்பெனியும் மாரிஸ், எம்.ஜி. முதலியவற்றை வைத்திருந்த நஃபீல்டு கம்பெனியும் சேர்ந்து பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன் என்று ஆகிவிட்டன. அதன் தலைவர் லெனார்ட் லார்டு, சொற்பச் சம்பளக்காரனும் வாங்கக் கூடிய ஒரு சின்ன ஸ்போர்ட்ஸ் காரைச் செய்யும்படி டொனால்டு ஹீலியிடம் சொன்னார். ஹீலி யார்? கார்ன்வால் பிரதேசத்தில் பிறந்தவர். 1931இல் மான்டே கார்லோ பந்தயத்தை ஜயித்தவர். வார்விக் நகரத்தில் ஒரு சிறிய பட்டறை வைத்திருந்தவர். 1958 மே மாதம் அவருடைய ஸ்பிரைட் வெளிவந்தது. என்ஜின், ஆஸ்டின் ஏ-35 என்ற சாதுவான வீட்டுக் காருடையது: 948 சி.சி., 43 குதிரைசக்தி. ஸ்டீயரிங் மாரிஸ் மைனருடையது. எடை 700 கிலோவுக்கும் குறைவு. இத்தனை ஏழை உறுப்புகளைக் கொண்டு, மணிக்கு 80 மைலைத் தாண்டி ஓடுகிற ஒரு குதூகலத்தைச் செய்து, வரி உள்பட 669 பவுனுக்குக் கொடுத்தார்கள்.

அந்த முதல் ஸ்பிரைட்டின் முகத்தைப் பார்க்க வேண்டும்! விளக்குகள் இரண்டும் பானெட்டின் மேல் தவளையின் கண்களைப் போல் துருத்திக்கொண்டு நிற்கும். விளக்குகளை மடக்கி வைக்கத்தான் முதலில் உத்தேசம். அதற்குச் செலவாகும் என்று அப்படியே நிறுத்திவிட்டார்கள். கதவுக்கு வெளிக் கைப்பிடி இல்லை. உள்ளே கை விட்டுத்தான் திறக்க வேண்டும். டிக்கிக்கு மூடியே கிடையாது. சாமானை இருக்கைக்குப் பின்னால் தலையை நுழைத்துத் தள்ள வேண்டும். வறுமையில் பிறந்த முகம் அது. ஆனால் வறுமையை மறைக்கப் பவுடர் பூசிக்கொள்ளாத முகம். ஜனங்கள் அதைத் 'தவளைக் கண்' என்று செல்லப் பெயர் வைத்துக் கூப்பிட்டார்கள். ஏறக்குறைய 49,000 வண்டிகள் விற்றன. 1959இல் அமெரிக்காவில் செப்ரிங் பன்னிரண்டு மணி நேரப் பந்தயத்தில் அதன் பிரிவில் முதல் மூன்று இடங்களையும் பிடித்தன.

மிட்ஜெட் எங்கே வருகிறது? 1961இல். மே மாதம் ஸ்பிரைட்டைத் திருத்தி, தவளைக் கண்ணை எடுத்துவிட்டு, எல்லாரையும் போன்ற முகமும் மூடியுள்ள டிக்கியும் வைத்தார்கள். மறுமாதமே அதே வண்டியின் மூக்கில் எண்கோணத்தை ஒட்டி, 'இதோ மிட்ஜெட்!' என்றார்கள். காரணம் மிகவும் லௌகிகமானது. கம்பெனிகள் இணைந்தாலும் கடைகள் இணையவில்லை. ஆஸ்டின் கடைக்காரருக்கு ஒரு சின்ன ஸ்போர்ட்ஸ் கார் இருந்தது, எம்.ஜி. விற்கிற கடைக்காரருக்கு இல்லை. அவர் அழுதார், கொடுத்தார்கள். இதிலே குலம் எங்கே வந்தது? திருத்திய ஸ்பிரைட்டுக்கு 'மார்க் 2' என்று எண். அதே உடம்புள்ள மிட்ஜெட்டுக்கு 'மார்க் 1'. அடுத்த திருத்தத்தில் ஸ்பிரைட் 3, மிட்ஜெட் 2. கடைசிவரை ஸ்பிரைட்டின் எண் ஒன்று கூடுதலாகவே இருந்தது. யார் மூத்தவர், யார் இளையவர் என்று வண்டியே எண் போட்டுச் சொல்கிறது. என்ஜினியர் அன்பருக்கு எண்கள் பிடிக்கும் என்று நம்புகிறேன்.

இரண்டாவது, சரக்கு. மிட்ஜெட்டின் விலை சற்றே அதிகம். ஆகவே உசத்தி என்கிறார். அந்த அதிக விலைக்கு என்ன கொடுத்தார்கள்? செங்குத்துக் கம்பிகள் வைத்த கிரில், பக்கவாட்டில் ஒரு பளபளப்பான பட்டை, கொஞ்சம் மெத்தென்ற இருக்கை. அவ்வளவுதான். 1962இல் 1098 சி.சி. என்ஜினும் முன் சக்கரத்துக்கு டிஸ்க் பிரேக்கும் வந்தபோது இரண்டுக்கும் வந்தன. 1964இல் பின் ஸ்பிரிங்கை மாற்றி, ஏற்றி இறக்கும் கண்ணாடியும் வெளிக் கைப்பிடியும் வைத்தபோது இரண்டுக்கும் வைத்தார்கள். 1966இல் 1275 சி.சி. என்ஜின் வந்தது, அதுவும் இரண்டுக்கும். அபிங்டன் என்ற ஊரில், எம்.ஜி. தொழிற்சாலையில், ஒரே கூரையின் கீழ், ஒரே தொழிலாளர்கள் இரண்டையும் பூட்டினார்கள். ஒரே அண்டாவில் வெந்த சோற்றை இரண்டு இலையில் போட்டு, ஒரு இலைக்கு மட்டும் வெள்ளிக் கிண்ணம் வைப்பதை 'உயர்ந்த சமையல்' என்று சொல்ல என் நாக்கு கூசுகிறது.

மூன்றாவதுதான் என்னைக் கோபப்படுத்துகிற வாதம். பிழைத்தது எதுவோ அதுவே சிறந்தது என்கிற வாதம்! ஐயா, ஸ்பிரைட் ஏன் செத்தது? ஓடவில்லை என்றா? விற்கவில்லை என்றா? அது ஒரு மனுஷனின் பெயரைச் சுமந்திருந்தது. அந்தப் பெயருக்குப் பணம் கொடுக்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு வண்டிக்கும் ஹீலிக்கு ஒரு சிறு தொகை, நம் எழுத்தாளர்களுக்கு உள்ள ராயல்டி மாதிரி, சேர வேண்டும் என்பது ஒப்பந்தம். 1968இல் எல்லாக் கம்பெனிகளும் சேர்ந்து பிரிட்டிஷ் லேலண்டு என்ற பெரிய குடும்பமான பிறகு, கணக்குப் பிள்ளைகள் வந்து உட்கார்ந்தார்கள். 1970 முடிவோடு ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டார்கள். 1971இல் வண்டியிலிருந்து 'ஹீலி'யைச் சுரண்டி எடுத்துவிட்டு, வெறும் 'ஆஸ்டின் ஸ்பிரைட்' என்று ஆயிரத்துச் சொச்சம் வண்டி செய்தார்கள். பிறகு அதையும் நிறுத்தினார்கள். அதே உடம்பு எண்கோணத்தைச் சூடிக்கொண்டு ஓடியது. ஏனென்றால், எண்கோணத்துக்கு யாருக்கும் காசு கொடுக்க வேண்டாம்!

இதை எழுதும்போது என் கை ஏன் நடுங்குகிறது என்றால், இந்தக் கதை எனக்குத் தெரிந்த கதை. என்னுடைய ஆரம்ப காலத்துச் சிறுகதை ஒன்றை ஒரு பதிப்பாளர் வாங்கினார். என் பெயரோடு ஒரு பதிப்பு வந்தது. ஏதோ கொஞ்சம் பணமும் வந்தது. சில வருஷங்கள் கழித்து, அதே கதையைத் தலைப்பை மாற்றி, 'சிறந்த நீதிக் கதைகள்' போன்ற ஒரு தொகுப்பில் பெயரில்லாமல் சேர்த்துவிட்டார். பெயர் இருந்தால் பணம் கொடுக்க வேண்டும். பெயர் இல்லாவிட்டால் அது பாட்டி சொன்ன கதை. ஒரு நாள் பக்கத்து வீட்டுப் பையன் அந்தக் கதையை எனக்கே சொன்னான். நன்றாகத்தான் சொன்னான். "யார் எழுதினது தம்பி?" என்றேன். "யாரும் எழுதலை, புஸ்தகத்துலே இருக்கு" என்றான். அந்தக் கதை பிழைத்துவிட்டது. ஆகவே பெயரில்லாத பதிப்பே சிறந்த பதிப்பு என்று என்ஜினியர் அன்பர் சொல்வாரா?

பிழைத்த மிட்ஜெட்டின் பிழைப்பையும் பார்த்துவிடுவோம். 1974இல் அதற்கு அமெரிக்கச் சட்டத்துக்காகக் கறுப்பு ரப்பர் பம்பர் மாட்டி, உடம்பை உயரத் தூக்கினார்கள். தரையோடு ஒட்டி ஓடிய வண்டி, வளைவில் சாயத் தொடங்கியது. என்ஜினையும் மாற்றினார்கள்: 1493 சி.சி.; யாருடையது தெரியுமா? பன்னிரண்டு வருஷமாக எந்த வண்டியோடு போட்டி போட்டதோ, அந்த டிரயம்ஃப் ஸ்பிட்ஃபயருடையது! எம்.ஜி. அபிமானிகள் எதிரி என்று ஏசிய வண்டியின் இதயத்தை வைத்துக்கொண்டு, எண்கோணம் மட்டும் மூக்கில் மின்ன, 1979 வரை அது ஓடியது. மறு வருஷம் அபிங்டன் தொழிற்சாலையையே மூடிவிட்டார்கள். இரண்டு வண்டிகளையும் பூட்டிய கைகள் எல்லாம் ஒன்றாகவே வீதிக்கு வந்தன. ஜயித்தவர் யார் என்று அவர்களைக் கேட்டிருக்க வேண்டும்.

இதனால் நான் ஹீலியின் வக்கீல் என்று எண்ணிவிட வேண்டாம். அந்தத் தவளை முகத்தின் வடிவத்தை வரைந்தவர் கெர்ரி கோக்கர். அடிக்கட்டைக் கணக்குப் போட்டவர் பாரி பில்பி. அவர்கள் பெயர் வண்டியில் எந்த மூலையிலும் இல்லை. ஹீலியின் பெயரும் இரண்டு பேரை விழுங்கிய பெயர்தான். எண்கோணத்துக்கும் ஒரு தகப்பன் உண்டு: செஸில் கிம்பர். மாரிஸ் காரேஜ் என்ற விற்பனைக் கடையின் இரண்டு எழுத்தை உலகம் அறிந்த இரண்டு எழுத்தாக்கிய மனுஷன். 1941இல் அவரை அதே கம்பெனி வெளியே அனுப்பியது. 1945இல் லண்டன் கிங்ஸ் கிராஸ் ஸ்டேஷனில் நடந்த ஒரு ரயில் விபத்தில் அவர் செத்துப்போனார். எண்கோணம் தன் தகப்பனை ஹீலிக்கு முப்பது வருஷம் முன்பே வாசலுக்கு அனுப்பிவிட்டது. ஆகவே, இது ஸ்பிரைட்டுக்கும் மிட்ஜெட்டுக்கும் இடையே உள்ள சண்டையே அல்ல. அந்தப் புல்வெளியில் நின்ற இரண்டு கிழவர்களும் ஒரே கட்சிக்காரர்கள்; அது தெரியாமல் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டிருந்தார்கள்.

ஆளின் பெயருக்குப் பொறுப்பு உண்டு. அதற்குக் கணக்குக் கொடுக்க வேண்டும். அது கோபப்படும், வயதாகும், சாகும். 1988இல் ஹீலியும் செத்தார். முத்திரைக்கு இந்த உபத்திரவம் ஒன்றும் இல்லை. அது யாரிடமிருந்தும் யாருக்கும் கைமாறும். இன்று அந்த எண்கோணம் ஒரு சீனக் கம்பெனியின் உடைமை. 2019 முதல் குஜராத்தில் ஹலோல் என்ற ஊரில் செய்கிற பெரிய பெரிய வண்டிகளின் மூக்கில் உட்கார்ந்து நம் தெருக்களிலும் போகிறது. அவை நல்ல வண்டிகளாகவே இருக்கட்டும். எனக்கு அவற்றின்மேல் ஒரு வழக்கும் இல்லை. ஆனால் அபிங்டனில் ஸ்பேனர் பிடித்த கைக்கும், கிம்பருக்கும், ஹீலிக்கும், அந்த மூக்குக்கும் என்ன சொந்தம்?

எது உசத்தி என்று கேட்கிறவர்களுக்கு என் பதில் இதுதான்: பானெட்டைத் தூக்கிப் பாருங்கள். மூக்கில் ஒட்டியிருப்பதைப் பார்த்துக் கும்பிடாதீர்கள். யார் நினைத்தார்கள், யார் செய்தார்கள், அவர்களுக்குக் கூலி போய்ச் சேர்ந்ததா என்று கேளுங்கள். காருக்கு மட்டுமல்ல, கதைக்கும் இதுவே கேள்வி. பக்கத்து வீட்டுப் பையனுக்கு நான் அன்று உண்மையைச் சொல்லவில்லை. இந்தக் கட்டுரையை அச்சில் பார்த்ததும் அவனைக் கூப்பிட்டுச் சொல்லப் போகிறேன்: "அதை ஒருத்தன் எழுதினான், தம்பி. அவனுக்கு ஒரு பெயர் உண்டு."